"நீங்க எந்த டைப்?" என்று கேட்பதற்கு முன்

போன வருசம் ஒரு சனிக்கிழமை, ஹுன்னஸ்கிரிய சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்ன மண்டபத்தில் நாங்கள் பதினான்கு பேர் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தலைமைத்துவச் செயலமர்வு. நடத்த வந்தவர் வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். ஆளுமை டெஸ்ட். கேள்விகளுக்குப் பதில் போட்டு முடித்தால் நான்கு எழுத்து வரும். அந்த எழுத்துக்குக் கீழே ஒரு பட்டமும் வரும்: தளபதி, பாதுகாவலர், சமாதானக்காரர் என்று.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தியே எங்கள் இளைஞர் குழுவுக்கு நிர்வாகம் போட்டாச்சு. "தளபதி" வந்த தம்பி தலைவர். எக்ஸ்ட்ரோவர்ட் என்று வந்தவர்களுக்கு வெளி வேலை: அலுவலகங்களுக்குப் போவது, மேடையில் பேசுவது. இன்ட்ரோவர்ட் என்று வந்தவர்களுக்குக் கணக்கு, கூட்டக் குறிப்பு, மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு போட்டோகொப்பி எடுப்பது. வாக்கெடுப்பு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன்லயே வந்திருச்சே, பிறகென்ன?

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் எங்களில் ஒரு தங்கச்சி சொன்னாள்: "அக்கா, எனக்கு லீடர்ஷிப் வராதுன்னு அதுலயே போட்டிருச்சு. நல்லதாப் போச்சு, இனி யாரும் என்னயப் பேசச் சொல்ல மாட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். அதற்குப் பிறகு நடந்த மூன்று கூட்டத்துக்கு அவள் வரவே இல்லை.

அவள் வராமல் போனதற்கு நாங்களும் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

டெஸ்ட் எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தன்னைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பது யாருக்கும் நல்லதுதான். நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஆளுமை வகை உங்களுக்கு எது இலகு என்று சொல்லும். உங்களோடு இருக்கிறவர்களுக்கு எது தேவை என்று சொல்லாது. தலைமைத்துவம் இருப்பது இரண்டாவதில்.

முதலில் இந்த நான்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1921இல் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் ஆளுமை வகைகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் என்ற இரண்டு சொல்லும் பரவியது அவரால்தான். அதை வாசித்த அமெரிக்கத் தாயும் மகளும், கேத்தரின் பிரிக்ஸும் இசபெல் மயர்ஸும், அதைக் கேள்வித்தாளாக மாற்றினார்கள். இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போர் நேரம், முதல் தடவையாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பொருத்தமான வேலை எது என்று கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். நான்கு சோடி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், மொத்தம் 16 வகை. அதுதான் மயர்ஸ்-பிரிக்ஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டெஸ்டுகள் பல அதன் சாயலில் செய்யப்பட்டவை.

அதில் இரண்டு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒன்று, மனிதர்களை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் "உயரம்", கீழே இருப்பவர் "கட்டை" என்றால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் கதி என்ன? பெரும்பாலானோர் நிற்பது அந்த நடுவில்தான். அதனால்தான் சில வாரம் கழித்து அதே டெஸ்டை எடுக்கிற கணிசமான பேருக்கு வேறு எழுத்து வருகிறது. இரண்டாவது, இதை வைத்து ஆளைத் தெரிவு செய்யக் கூடாது என்று மயர்ஸ்-பிரிக்ஸை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். அதுவும் ஒரு பகல் சாப்பாட்டு நேரத்துக்குள்.

அப்படியென்றால் முடிவை வாசிக்கும்போது "அட, இது நான்தானே" என்று ஏன் தோன்றுகிறது? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமை டெஸ்ட் வைத்தார். பிறகு ஆளுக்கொரு முடிவு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. ஆனால் அவர் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வசனங்களில் பலதை அவர் எடுத்தது ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. எங்கள் லயத்தில் காலையில் ரேடியோவில் ராசிபலன் கேட்கும் ஆயாவைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். "என்ன நட்சத்திரம்?" என்று அவங்க கேட்டால் மூடநம்பிக்கை. "நீங்க எந்த டைப்?" என்று நாங்கள் கேட்டால் அறிவியலாம்.

நேர்மையாகச் சொன்னால், ஆளுமைக்கும் தலைமைத்துவத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு உளவியல் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஐந்து பண்பு முறை. புதியதை ஏற்பது, ஒழுங்காக வேலை செய்வது, கலகலப்பு, இணங்கிப் போவது, பதற்றம். இதில் யாரும் ஒரு பெட்டிக்குள் விழுவதில்லை. ஒவ்வொன்றும் கூடக் குறைய எல்லாரிடமும் இருக்கும். 2002இல் திமதி ஜட்ஜும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். தலைமையோடு ஆகக் கூடுதலாகத் தொடர்பு காட்டியது கலகலப்புதான். ஆனால் அந்தத் தொடர்பு, யார் தலைவராக வருகிறார்கள் என்பதில் இருந்த அளவுக்கு, வந்த பிறகு எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதில் இல்லை. கலகலப்பானவரைச் சுலபமாகத் தலைவராக்கி விடுகிறோம் என்பதைத்தான் இது முதலில் காட்டுகிறது.

2011இல் அடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் அமெரிக்காவில் பீட்சாக் கடைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சொன்னதை மட்டும் செய்கிற ஊழியர்கள் இருந்த கடைகளில், கலகலப்பான முகாமையாளர் இருந்தால் லாபம் கூடியது. தாங்களாகவே யோசனை சொல்கிற ஊழியர்கள் இருந்த கடைகளில் அது தலைகீழ். அங்கே அமைதியான முகாமையாளரின் கடைதான் முந்தியது. காரணம் சிக்கலானது இல்லை. அமைதியானவர் கேட்டார். மற்றவருக்குத் தானே பேச வேண்டியிருந்தது.

ஆக, எந்த வகை நல்லது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. யாருக்கு முன்னால், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்கும் முந்தி ஒன்று. அந்த டெஸ்ட் எங்களிடம் அளந்தது உண்மையிலேயே ஆளுமையையா? "புதியவர்களோடு இலகுவாகப் பேசுவீர்களா?" என்று ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் இருந்தது. பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டுத்தான் பதில் போட்டோம். எங்கள் பிள்ளைகளுக்குப் புதியவர் என்றால் யார்? பெரும்பாலும் சிங்களத்தில் பேசுகிற அதிகாரி, ஆங்கிலத்தில் பேசுகிற விரிவுரையாளர். கம்பஸில் டியூட்டோரியல் வகுப்பில் வாயே திறக்காத எங்களில் சிலர், லயத்துக்கு வந்தால் கல்யாண வீட்டையே கலக்குகிறவர்கள். அவர்கள் இன்ட்ரோவர்ட்டா, எக்ஸ்ட்ரோவர்ட்டா? பாஷை தெரியாத இடத்தில் மௌனமாக இருப்பதை ஆளுமை என்று எழுதி வைத்துக்கொண்டால், பாஷை படிக்க வேண்டும் என்ற எண்ணமே வராது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். ஒரே சத்தம்தான். பையன் போட்டால் "தலைவர் மாதிரிப் பேசுறான்". பொம்பளப் பிள்ளை போட்டால் "வாயாடி". பதினைந்து வருசம் "சத்தம் போடாத" என்று கேட்டு வளர்ந்தவள், "கூட்டத்தில் கவனத்தை ஈர்க்க விரும்புவீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றுதான் போடுவாள். அவளை வளர்த்த விதத்தை அவள் குணம் என்று போன் திருப்பிச் சொல்கிறது.

எங்கள் பக்கம் இந்த டெஸ்ட் இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தலைவர் என்றால் சத்தமாகப் பேசுகிற ஒரு ஆம்பள என்ற எண்ணம் மலையகத்தில் ஏற்கெனவே ஊறிப் போனது. கங்காணி காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர், கடன் கொடுத்தவர், பிரட்டுக்களத்தில் அதட்டியவர், துரையிடம் எங்களுக்காகப் பேசியவர், எல்லாம் ஒரே ஆள். பிறகு தொழிற்சங்கம் வந்தது. உரிமையும் வந்தது. ஆனால் பல தோட்டங்களில் கங்காணி நின்ற இடத்தில் தோட்டத் தலைவர் நின்றார். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், சந்தா கட்டுபவர்களும் அவர்களே. பேசுகிறவர் மட்டும் மாறவில்லை.

எங்கள் வரலாறு முழுவதும் அப்படியே இருந்ததா? இல்லை. கோ. நடேசய்யரைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார் என்று சொல்வார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனியாகச் சம்மேளனம் தொடங்கினார். 1936இலிருந்து 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதி உறுப்பினர். அவருடைய ஆயுதம் அச்சுக்கூடமும் பேனாவும். ஆனால் எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்திடம் துண்டுப்பிரசுரம் எவ்வளவு தூரம் போகும்? அங்கேதான் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் வருகிறார். தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். அந்தப் பாடல்கள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. ஒருவர் எழுதினார், ஒருவர் பாடினார். இதில் யார் தலைவர்? நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பதில் ஒரு பெயர்தான். சரியான பதில் இரண்டு பெயர்.

சௌமியமூர்த்தி தொண்டமானைப் பற்றி நல்லதும் கெட்டதும் பேச எங்கள் வீடுகளில் ஆள் இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. அவர் போராடிய விதத்தை மட்டும் பாருங்கள். பிரஜாவுரிமைக்காக 1952இல் சத்தியாக்கிரகம். 1984இல் வேலைநிறுத்தம், பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது அதன் பிறகுதான். 1986 ஜனவரியில் நாடு தீப்பிடித்து இருந்த நேரம் அவர் எடுத்தது பிரார்த்தனைப் போராட்டம். வேலைநிறுத்தம் என்ற பெயரே இல்லாமல், காலையில் வேலைக்குப் போகாமல் சாமி கும்பிடுவது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அதே வருசம் வந்தது. மூன்று தடவையும் ஆள் ஒன்று, குணமும் ஒன்று. வழிதான் வேறு. நிலைமையைப் பார்த்து வழியை மாற்றினார்.

தலைவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாத போராட்டங்களும் இருக்கின்றன. 2015 செப்டம்பரில் கேரளாவின் மூணாரில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தங்கள் சங்கத்துத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே வீதியில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். கேட்ட 20 சதவீத போனஸ் கிடைத்தது. இங்கே 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு கூடிய மலையக இளைஞர்களுக்கும் ஒரு தலைவர் என்று இருக்கவில்லை. பேஸ்புக்கில் பேசிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள். கேட்டது நாளுக்கு 1000 ரூபா அடிப்படைச் சம்பளம். அன்றைக்குக் கிடைக்கவில்லை. 2021இல் சம்பளச் சபை வழியாகத்தான் அந்தத் தொகை வந்தது. ஆனால் அந்தக் கூட்டம் கேட்ட கேள்வி அதற்குப் பிறகு அடங்கவே இல்லை.

இப்போது எங்கள் சின்னக் கதைக்கு வருவோம். மேல் பிரிவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வருகிற காலை பஸ் ஒழுங்காக வருவதில்லை. வராத நாளில் பிள்ளைகள் பனியில் மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். கோபட்ஸ் கெப்புக்கும் மீமுரேக்கும் போகிற சுற்றுலா வேன்கள் அவர்களைத் தாண்டிப் போகும். சாதாரணதரம் எழுதுகிற பிள்ளைகள் முதல் பாடத்தைத் தவற விடுவார்கள். எங்கள் தளபதித் தம்பி சும்மா இருக்கவில்லை. ஒரே நாளில் முப்பது பெற்றோரைத் திரட்டி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். நன்றாகவே பேசினான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தெந்த நாள் வரல்ல? எத்தன பிள்ளைகள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "நெறைய நாள் சேர், நெறைய பிள்ளைகள்" என்றோம். திரும்பி வந்தோம்.

அந்தத் தங்கச்சி ஞாபகம் வந்தது அப்போதுதான். மாலை வகுப்பில் யார் வந்தார்கள், யார் ஏன் வரவில்லை என்று கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். முதலில் "நான் அதெல்லாம் செய்ய மாட்டேன், எனக்கு வராது" என்றாள். பேசத் தேவையில்லை, கொப்பி மட்டும் போதும் என்றோம். பிறகு ஆறு வாரம் அவளும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து தினமும் எழுதினார்கள்: பஸ் வந்ததா, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் நின்றார்கள். அடுத்த தடவை அலுவலகத்துக்குத் தம்பியும் அவளும் சேர்ந்துதான் போனார்கள். அதிகாரி கேள்வி கேட்க, தம்பி அவளைப் பார்க்க, கடைசியில் அவளே சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. அவளுக்கு எங்களைவிட நல்ல சிங்களம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும்.

பஸ் வந்தது. இரண்டு மாதம் ஒழுங்காக. இப்போது மறுபடியும் வாரத்தில் ஒரு நாள் விடுகிறது. கொப்பியும் தொடர்கிறது. முப்பது பெற்றோரைத் திரட்ட அவளால் முடிந்திருக்காது. ஆறு வாரம் எழுத அவனால் முடிந்திருக்காது. அவர்கள் இரண்டு பேரையும் முதல் நாளிலேயே வேறு வேறு பெட்டியில் போட்டு மூடியது நாங்கள்.

டெஸ்டினால் ஒரு நன்மையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அதற்கு முந்தி கூட்டத்தில் பேசாமல் இருப்பவரை "திமிரு" என்போம், உடனே பேசுகிறவரை "முந்திரிக்கொட்டை" என்போம். இப்போது "எனக்கு யோசிக்க நேரம் வேணும், நாளைக்குச் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. தம்பியும் "நான் பேசிப் பேசித்தான் யோசிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று அவனாகவே சொல்கிறான். தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது. அந்த அளவுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் சில மாற்றம் செய்தோம். உங்கள் குழுவுக்கும் உதவலாம் என்பதால் எழுதுகிறோம். கூட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு மாதமும் மாறுவார். எல்லாருக்கும் முறை வரும், "எனக்கு வராது" என்று தப்ப முடியாது, ஆனால் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய முடிவு என்றால் பேசுவதற்கு முந்தி ஐந்து நிமிஷம் எல்லாரும் தாளில் எழுத வேண்டும். முதலில் பேசுகிறவரின் கருத்தே முடிவாகிப் போவது இதனால் குறைந்தது. வெளியே எந்த அலுவலகத்துக்கும் இரண்டு பேராகத்தான் போவது, ஒருவர் பேச, ஒருவர் குறிப்போடு. டெஸ்ட் எடுக்க விரும்புகிறவர் எடுக்கலாம், ஆனால் முடிவு அவருடைய சொந்த விஷயம். அதை வைத்து யாருக்கும் பதவி கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

தன்னைத் தெரிந்துகொள்கிற தலைவருக்கு அதனால் கிடைக்க வேண்டிய முதல் பலன், தன்னிடம் இல்லாதது எது, அது யாரிடம் இருக்கிறது என்று தெரிவது. "நான் இப்படித்தான், என் டைப் இதுதான்" என்று நிறுத்திக்கொள்வதற்கு டெஸ்ட் தேவையே இல்லை. அதை எங்கள் தோட்டத்தில் கங்காணி காலத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் கூட்டம் நடத்தும் முறை அந்தத் தங்கச்சிக்கு. தொடங்கும்போது குரல் நடுங்கியது. நிகழ்ச்சி நிரலில் ஒன்றைத் தவற விட்டாள். இருபது நிமிஷம் முந்தியே கூட்டத்தை முடித்தும் விட்டாள். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. தம்பிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பேச இருந்ததாம்.